ஆலைச் சங்கு ஒலித்த ஆண்டு: ராம்கிங்கர் பைஜின் நட்பும் நிலமும்



டிசம்பர் 6 அன்று நாம் கூடும்போதெல்லாம் 1956 என்ற ஆண்டு நம்மோடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த ஆண்டு அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். எட்டு வாரம்கூட முழுதாகக் கழியவில்லை, டிசம்பர் 6 அன்று தில்லியில் மறைந்தார். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் பதிவு செய்யப்பட்டது. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த நகரியத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதப்பட்ட நாள் என்று அதைச் சொல்லலாம். அதே 1956இல் வங்காளத்தின் சாந்திநிகேதனில், செம்மண் தரையில், ஓர் ஓவியர் சிமெண்டையும் கப்பியையும் கொண்டு இரண்டு பெண்களை ஓடவிட்டார். ஆலைச் சங்கு ஊதிவிட்டது, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடும் பெண்கள். அந்தச் சிற்பத்துக்கு 'ஆலை அழைப்பு' என்று பெயர். செய்தவர் ராம்கிங்கர் பைஜ்.

நட்பு, இயற்கை, படைப்பு வாழ்க்கை என்ற மூன்றையும் பற்றிப் பேச ஒப்புக்கொண்டபோது, நாம் முதலில் தமிழ் ஓவியர்களைத்தான் நினைத்தோம். அவர்களிடமும் வருவோம். ஆனால் நெய்வேலியில் பேசுகிறோம் என்றதும் மனம் ராம்கிங்கரிடம் போய் நின்றது. காரணம் எளியது. சங்குச் சத்தத்துக்கு ஓடும் பெண்களை இந்த ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ராம்கிங்கர் 1906இல் வங்காளத்தின் பாங்குராவில் பிறந்தார். குடும்பத் தொழில் முடிதிருத்துவது. நம் ஊர்ப்பக்கம் குடிமகன் என்று அழைத்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் வேலை வாங்கிக்கொண்டு, கூலியாகக் களத்தில் நெல் அளந்து போடுவார்களே, அந்த வகையான சேவைச் சாதி. அவர் தலித் அல்ல. ஒடுக்கப்பட்ட ஒருவர் பெரிய ஆளாக வந்துவிட்டால் அவரை நம் கணக்கில் அவசரமாகச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் நமக்கும் உண்டு, அது வேண்டாம் என்பதால் இதைச் சொல்லிவிடுகிறோம். வேடிக்கை என்னவென்றால், வங்காளத்துக்கு வெளியே பலர் இன்றும் அவரைச் சந்தால் பழங்குடி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சந்தால்களை இவ்வளவு நெருக்கமாகச் செய்தவர் அவர்களில் ஒருவராகத்தான் இருக்க முடியும் என்ற நினைப்பு அது. மேல்சாதிக்காரர் சந்தால்களை வரைந்தால் அதைக் கலைஞனின் பார்வை என்பார்கள். நாவிதர் மகன் வரைந்தால் அவரது பிறப்பையே மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

சிறுவயதில் பாங்குராவில் குயவர்களும் பொம்மை செய்பவர்களும் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே கை பழகினார். நாடகத் திரை எழுதினார். ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் தேசியத் தலைவர்களின் உருவப்படங்களை எழுதினார். ஊர்வலத்துக்கும் கூட்டத்துக்கும் படம் எழுதும் பையன். இந்த இடத்தில் நம்மில் பலருக்கு ஒரு முகம் நினைவுக்கு வரும். 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டு வந்தபோது காலனிக்குக் காலனி சுவரில் அண்ணலை எழுதிய நம் ஓவியர்கள். நீலக் கோட்டு, கையில் புத்தகம், நீட்டிய ஆட்காட்டி விரல். வண்ணம் வாங்கக் காசு போதாமல் சுண்ணாம்பில் நீலம் கரைத்து எழுதிய சுவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களில் எவரையும் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் தேடி வரவில்லை.

ராம்கிங்கரை ஒருவர் தேடி வந்தார். 'பிரபாசி', 'மாடர்ன் ரிவ்யூ' இதழ்களின் ஆசிரியர் ராமானந்த சட்டர்ஜி. அவரும் பாங்குராக்காரர். பையனின் கைவேலையைப் பார்த்துவிட்டு 1925இல் சாந்திநிகேதனின் கலாபவனத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே ஆசிரியர் நந்தலால் போஸ். பிற்காலத்தில் இந்திய அரசியல் சாசனத்தின் கையெழுத்துப் பிரதியின் பக்கங்களைத் தம் மாணவர்களோடு சேர்ந்து ஓவியங்களால் அலங்கரித்தவர் இதே நந்தலால்தான். அண்ணல் தலைமையில் வரைவாகிய சாசனத்தின் முதல் பிரதியில் அந்தப் பள்ளியின் தூரிகை இருக்கிறது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஒரு திறமை தானாக வெளிச்சத்துக்கு வந்துவிடும் என்று சொல்பவர்களிடம் இந்த 1925ஐ நினைவூட்ட வேண்டும். பாங்குராவில் அந்தத் தலைமுறையில் கை பழகிய எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! ஒருவரின் ஊர்க்காரர் கல்கத்தாவில் பத்திரிகை நடத்தினார், அவ்வளவுதான். நாம் நட்பு என்று சொல்வதற்கு முன்னால் இந்தத் தற்செயலைச் சொல்லியாக வேண்டும். சாதிச் சமூகத்தில் யாருக்கு யார் அறிமுகம் ஆகிறார்கள் என்பதே பாதி வரலாறு.

சாந்திநிகேதனில் அவருக்கு வாய்த்த பெரிய நட்பு பினோத் பிஹாரி முகர்ஜி. அவர் 1904இல் பிறந்தவர், படித்த பிராமணக் குடும்பம், பிறவியிலேயே கண்பார்வை மிகக் குறைவு. ராம்கிங்கர் உரக்கப் பாடுவார், நாடகம் போடுவார், குடிப்பார், வெயிலில் நிற்பார். பினோத் பிஹாரி ஒதுங்கியவர், பேச்சு குறைவு, படிப்பு அதிகம். இருவரும் நந்தலாலின் மாணவர்கள், பிறகு அதே இடத்தில் ஆசிரியர்கள். ஒருவர் வழி மற்றவருக்கு வராது. ராம்கிங்கர் கல்லையும் சிமெண்டையும் அள்ளி வீசினார். பினோத் பிஹாரி இந்தி பவனத்தின் சுவரில் இடைக்கால ஞானியர் வாழ்வை 1946-47இல் பெரும் சுவரோவியமாக எழுதினார். அதில் கபீர் இருக்கிறார். புத்தர், கபீர், பூலே என்று தம் மூன்று ஆசான்களைச் சொன்ன அண்ணல் அந்தச் சுவரைப் பார்த்திருந்தால் கபீரின் முன் நின்றிருப்பார் என்று நமக்குத் தோன்றுகிறது. முன்கூட்டி முழு அளவில் வரைந்து ஒற்றி எடுக்காமல், கிட்டத்தட்ட குருடாக இருந்த ஒருவர் சுவரின் அருகே முகத்தை வைத்துக்கொண்டு எழுதிய வேலை அது.

1956-57 வாக்கில் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின் பினோத் பிஹாரிக்குக் கொஞ்சம் இருந்த பார்வையும் போயிற்று. அவர் நிறுத்தவில்லை. காகிதம் வெட்டி ஒட்டினார், மெழுகில் உருவம் பிடித்தார், 1972இல் கலாபவனத்தில் ஓட்டுச் சில்லுகளால் ஒரு சுவரோவியம் செய்தார். அதே ஆண்டு அவருடைய மாணவர் சத்யஜித் ராய் அவரைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்ற ஆவணப்படம் எடுத்தார். இந்த இருவரிடமும் படித்தவர்களில் ஒருவர் கே.ஜி. சுப்ரமணியன். 1942 இயக்கத்தில் சிறை சென்றதால் சென்னையில் கல்லூரிக் கதவு அடைபட்டு, 1944இல் சாந்திநிகேதன் போய்ச் சேர்ந்தவர். நம் மொழிக் குடும்பத்திலிருந்து போனவர். கைவினைஞர்களையும் கலைஞர்களையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசும் தைரியம் அவருக்கு வந்ததில் இந்த இரண்டு ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறோம்.

ஒரே துறையில் இருக்கும் இரண்டு பேர், பிறப்பிலும் சுபாவத்திலும் எதிரெதிர், ஒருவரை ஒருவர் நகலெடுக்காமல் வாழ்நாள் முழுவதும் அக்கம்பக்கத்தில் வேலை செய்வது சாதாரண விஷயமில்லை. நம் இயக்கங்களில் இது எவ்வளவு கடினம் என்று நமக்குத் தெரியும். பிரிந்த அமைப்புகளின் பெயர்ப்பலகைகளை எண்ணினால் போதும்.

அண்ணல் இந்த உறவுக்கு ஒரு சொல் வைத்திருந்தார். மைத்ரி. 1954 அக்டோபர் 3 அன்று வானொலியில் பேசியபோது, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற தம் தத்துவத்தைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, தம் ஆசானாகிய புத்தரிடமிருந்து எடுத்ததாகச் சொன்னார். அவர் மறைந்த பிறகு 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் கருணையையும் மைத்ரியையும் பிரித்துக் காட்டுகிறார். கருணை மனிதரோடு நின்றுவிடுவது, மைத்ரி எல்லா உயிர்களையும் அணைப்பது. நட்பையும் இயற்கையையும் தனித்தனித் தலைப்புகளாக வைத்துப் பேசுவது நமக்கு ஏன் சரிப்படவில்லை என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. இரண்டும் ஒரு சொல்லுக்குள் இருந்தவை.

இயற்கைக்கு வருவோம். சாந்திநிகேதன் இயற்கையைக் கொண்டாடிய இடம். மரத்தடியில் வகுப்பு, வசந்த விழா, மரம் நடும் விழா. அழகானவைதான். ஆனால் மரத்தடியில் உட்கார்ந்து படிப்பவருக்கும், வெயிலில் நின்று அந்த மரத்துக்குக் குழி வெட்டுபவருக்கும் இயற்கை ஒன்றல்ல. கிராமம் என்றாலே அழகு என்று உருகியவர்களிடம் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் சொன்ன கடுமையான பதில் உங்களுக்குத் தெரியும். கிராமம் அறியாமையின் குகை, குறுகிய மனத்தின் சாக்கடை என்ற பொருளில் பேசினார். வயலும் வாய்க்காலும் நமக்கு முதலில் கூலி, பிறகுதான் காட்சி. எந்த வாய்க்காலில் எந்தப் படித்துறையில் இறங்கலாம் என்பது வரையப்பட்டிருந்த நிலத்தை 'நிலக்காட்சி' என்று சட்டம் போட்டு மாட்டினால் நமக்கு அதில் நம் பாட்டிகள் தெரிவதில்லை.

ராம்கிங்கரின் நிலத்தில் அவர்கள் தெரிகிறார்கள். அவருடைய நீர்வண்ணப் படங்களில் பனையும் மேகமும் கோபாய் ஆற்றங்கரையும் உண்டு. அந்தக் கரையில் யாராவது சுமை தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருப்பார். நாற்று நடுபவர், நெல் அடிப்பவர், மாடு ஓட்டுபவர், களைத்துப் படுத்திருப்பவர். நந்தலாலுக்கு எண்ணெய் வண்ணம் பிடிக்காது, அது மேற்கத்திய ஊடகம் என்ற எண்ணம். ராம்கிங்கர் அதைத் தாமே பழகிக்கொண்டார். கன சதுரங்களாக உடைக்கும் ஐரோப்பிய முறையையும் எடுத்துக்கொண்டார். சுதேசியா விதேசியா என்ற சண்டை அவருக்குப் பெரிதாகப் படவில்லை. வேலை செய்யும் உடம்பின் விசையைப் பிடிக்க எது உதவுமோ அது போதும். ஆங்கிலம் வழியாக வந்த எதையும் அடிமைத்தனம் என்று சொல்பவர்களிடம் நாமும் இதையே சொல்லிவருகிறோம்.

1938இல் செய்த 'சந்தால் குடும்பம்' பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். திறந்த வெளியில், பீடம் என்று சொல்லும்படி உயரமாக ஏதும் இல்லாமல், ஓர் ஆணும் பெண்ணும் நடக்கிறார்கள். பெண்ணின் இடுப்பில் குழந்தை. ஆணின் தோளில் காவடி, அதன் ஒரு தட்டில் இன்னொரு குழந்தை, மறு தட்டில் தட்டுமுட்டுச் சாமான். கூடவே ஒரு நாய். வேலை தேடிக் குடிபெயர்கிறார்கள். அந்த நாயை விட்டுவிடாதீர்கள். மைத்ரிக்கு இந்த நாயைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரியவில்லை.

வெண்கலத்தில் வார்க்கப் பணம் இல்லை. இரும்புக் கம்பிச் சட்டம் கட்டி, அதன்மேல் சிமெண்டோடு அந்த மண்ணின் செம்பூராங்கல் கப்பியைக் கலந்து கையால் அறைந்து ஏற்றினார். இறுகுவதற்கு முன் செதுக்கினார். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் வீட்டுக்கு மண் தோண்டும்போது கிடைக்கும் அதே சிவப்புக் கப்பி. அதுவரை இந்தியாவில் நவீன சிற்பம் என்றால் மகாராஜா, வைசிராய், தலைவர். நிலமற்ற ஒரு குடும்பத்தை, தெய்வங்களுக்கும் அரசர்களுக்கும் உரிய அளவில், அவர்களின் நிலத்துக் கல்லாலேயே பொதுவெளியில் நிறுத்திய முதல் வேலைகளில் அது ஒன்று. அதற்கு முன்பே 1935இல் 'சுஜாதா' செய்திருந்தார். மரங்களுக்கிடையில் மரம்போல நெடிதாக நடந்துவரும் பெண். அந்த உருவத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர் ஜெயா அப்பாசாமி என்ற மாணவி என்று சொல்வார்கள். சென்னையில் பிறந்து பின்னாளில் முக்கியமான கலை விமர்சகரானவர். தலையில் ஒரு பாத்திரம் ஏற்றியதும் அவள் புத்தருக்குப் பால்சோறு கொண்டுவரும் சுஜாதாவானாள்.

1943இல் வங்கப் பஞ்சம். அந்த ஆண்டு செய்தது நெல் அடிக்கும் உழவர். அந்த உருவத்துக்குத் தலை கிடையாது. கதிர்க்கட்டை ஓங்கி அடிக்கும் உடம்பு மட்டும். நெல் விளைந்தும் சோறு இல்லாமல் லட்சக்கணக்கானவர்கள் செத்த ஆண்டில், நெல் அடிப்பவருக்கு முகம் தராமல் விட்டதை வெறும் வடிவச் சோதனை என்று எழுதிவிட்டுப் போகும் கலை விமர்சனம் நமக்குப் போதவில்லை.

இனி 'ஆலை அழைப்பு'. இரண்டு சந்தால் பெண்கள் அரிசி ஆலைக்கு ஓடுகிறார்கள். காலையில் குளித்துத் துவைத்த சேலையை உலர்த்த நேரமில்லை, ஓடிக்கொண்டே காற்றில் பிடித்து உலர்த்துகிறார்கள். பின்னால் ஒரு சிறுவன். மூன்று ஆண்டுகள் கழித்து, 1959இல், சென்னை மெரினாவில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை திறக்கப்பட்டது. அவரும் வங்காளி, ஜமீன்தார் குடும்பம், 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப் பள்ளியின் தலைவர். நான்கு ஆண்கள் பாறையை நெம்புகிறார்கள். மே தினத்தன்று அங்கே மாலை போடுகிறோம், போடுவோம். அந்த உடம்புகளின் முறுக்கில் நமக்கு மரியாதை உண்டு. அங்கே உழைப்பு ஒரு வீரம். ராம்கிங்கரிடம் உழைப்பு ஓர் அவசரம். வீட்டு வேலை முடியவில்லை, ஆலை வேலை தொடங்கிவிட்டது, துணி காயவில்லை, பையன் அழுகிறான். நகரியத்தின் வாசல்களில் காலைச் சங்குக்கு முன்னால் பெருக்கவும் சுமக்கவும் வரும் பெண்களைப் பார்த்தவர்கள், இந்த இரண்டில் எது தங்களுடையது என்று தாங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இங்கே நெய்வேலியின் கதையை ஒட்டிவைத்துப் பார்க்கிறோம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் வெளிவந்ததாகத் தொடங்கும் கதை நம் எல்லோருக்கும் மனப்பாடம். 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது, 1962இல் மின்சாரம் வந்தது. ஜெர்மனியின் வாளிச் சக்கர இயந்திரங்கள், சோவியத்தின் அனல்மின் நிலையம். அண்ணல் தொழில்மயத்தை விரும்பியவர். கிராமத்தைவிட்டு வெளியேறும் வழியாக அதைப் பார்த்தவர். நம்மில் பல குடும்பங்களுக்குச் சம்பளம், குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம் என்று வந்தது அந்த வழியில்தான். அதை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை. ஆனால் அதே வழியில் ஊர் ஊராகக் காவடி கட்டிக்கொண்டு நடந்தவர்களும் உண்டு. நிலம் வைத்திருந்தவருக்கு இழப்பீடு என்று ஒரு காகிதம் கிடைத்தது. பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவருக்கு இழந்ததாகக் காட்ட எந்தக் காகிதமும் இருக்கவில்லை. முந்திரிக்கொட்டை பொறுக்கியதும் பலா மரத்தடியில் தூங்கியதும் பட்டாவில் ஏறாது. சந்தால் குடும்பத்தின் காவடித் தட்டில் இருப்பவைதான் அவர்களுடைய சொத்துப் பட்டியல்.

சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்க்கும் ஒவ்வொரு முறையும் நமக்கு ஒரு சங்கடம். மேலே செம்மண், அதன்கீழ் மஞ்சளும் வெள்ளையுமாகக் களியும் மணற்கல்லும், ஆழத்தில் கரும்பழுப்பு. ஓவியம்போல அழகாகத்தான் இருக்கிறது. அழகு என்று சொல்ல வாயெடுத்ததும், மேலே இருந்த தெருவின் பெயர் நினைவுக்கு வந்துவிடுகிறது.

ராம்கிங்கரின் இன்னொரு வேலையில் இந்தச் சங்கடம் கல்லாக நிற்கிறது. தில்லியில் ரிசர்வ் வங்கி வாசலின் இரு பக்கமும் யட்சனும் யட்சியும். 1950களின் நடுவில் ஒப்படைக்கப்பட்ட வேலை, இமயத்தின் அடிவாரத்திலிருந்து கல் எடுத்து, முடிய 1967 ஆயிற்று. யட்சி வேளாண்மை, யட்சன் தொழில். மதுராவின் பார்க்கம் யட்சனும் பேஸ்நகர் யட்சியும் முன்மாதிரி. கட்டடத்தின் ஒரு பக்கம் கதிர், மறு பக்கம் சக்கரம், நடுவில் பணம். யட்சியின் நிர்வாணம் பற்றி மாநிலங்களவையில் கேள்வி எழுப்பினார்கள். வேளாண்மை துணியில்லாமல் நிற்பதில் அவர்கள் கண்டது ஆபாசம் மட்டும்தான்.

அவருடைய நட்புகளில் சாந்திநிகேதன் ஒப்புக்கொள்ளத் தயங்கியது ஒன்று. ராதாராணி வீட்டு வேலைக்கு வந்தவர். மணச் சடங்கு எதுவும் இல்லாமல் இறுதிவரை ராம்கிங்கரோடு வாழ்ந்தார். ஊர் முணுமுணுத்தது. மணிப்பூர் அரச குடும்பத்துப் பெண் பினோதினி மாணவியாக வந்தபோது அவரையும் ராம்கிங்கர் வரைந்தார். அந்தப் படங்களைப் பற்றிக் கலை உலகம் காதலோடு எழுதுகிறது. பினோதினி பின்னாளில் மணிப்புரி மொழியின் முக்கியமான எழுத்தாளரானார், அவர் குரல் நமக்குக் கிடைக்கிறது. அடுப்படியில் நின்ற ராதாராணியின் குரல் எங்கே என்று தேடினால் ரித்விக் கட்டக்கின் படத்துக்குத்தான் போக வேண்டும். 1975இல் கட்டக் எடுக்கத் தொடங்கிய அந்த ஆவணப்படம், 1976 பிப்ரவரியில் அவர் இறந்ததால் முடியாமல் நின்றது. ஒழுகும் கூரைக்குத் தம் எண்ணெய் ஓவியங்களைச் செருகி மழையை அடைத்துவைத்தவர் ராம்கிங்கர் என்பது அந்தப் படத்தோடு சேர்ந்து பரவிய கதை. பத்மபூஷண் 1970இல் வந்துவிட்டது. கூரை மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது. இதைக் கலைஞனின் பற்றற்ற மனம் என்று ரசித்துச் சொல்பவர்கள் உண்டு. ஒழுகும் வீட்டில் வளர்ந்த நமக்கு அதில் ரசிக்க ஏதுமில்லை. 1980 ஆகஸ்ட் 2 அன்று அவர் கொல்கத்தாவில் இறந்தார்.

அவரிடம் நமக்கு ஒரு குறையும் உண்டு. ஓடும் அந்த இரண்டு பெண்களின் பெயர் என்ன? காவடி தூக்கியவர் யார்? தாகூர் மார்பளவுச் சிலையில் தாகூர். பினோதினி படத்தில் பினோதினி. சந்தால்கள் மட்டும் 'சந்தால்கள்'. அவர்களோடு குடித்தார், பாடினார், அவர்கள் குடிசைகளுக்குப் போய்வந்தார், அதில் பொய் இல்லை. ஆனாலும் பெயர் எழுதப்படவில்லை. நட்பு இருந்தும் பெயர் எழுதப்படாமல் போவது வரலாற்றில் நமக்குப் பழகிய விஷயம்.

தமிழில் நட்பும் நிலமும் சேர்ந்த ஓவியர் என்றால் கே.எம். ஆதிமூலம்தான் முதலில் வருவார். 1938இல் துறையூரை அடுத்த கீராம்பூரில் பிறந்து, 1966இல் சென்னைக் கலைப் பள்ளியில் படிப்பை முடித்தவர். காந்தி நூற்றாண்டையொட்டி 1969இல் அவர் எழுதிய கோட்டோவியங்கள் அவரை அடையாளம் காட்டின. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது எழுத்தும் கோடும் இரண்டு சிநேகிதர்கள் திண்ணையில் பேசிக்கொள்வதுபோல இருந்தன. சிறுபத்திரிகைக்காரர்களோடு அவருக்கிருந்த சிநேகம் தமிழ்ப் புத்தக அட்டையின் முகத்தையே மாற்றியது. பிற்கால எண்ணெய் ஓவியங்களில் மனிதரும் மரமும் கரைந்து நிறம் மட்டும் நிலமாக நின்றது. 2008இல் மறைந்தார். அந்த நிறங்கள் நமக்குப் பிடிக்கும். ராம்கிங்கரைப் பார்த்துவிட்டு வந்து பார்க்கும்போது மட்டும், அந்த நிலத்தில் நின்றிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு கேள்வி வருகிறது. கழுத்தில் கலயமும் கையில் துடைப்பமுமாக அவர்களைத் திரும்ப நிறுத்தியவர் நாக்பூரில் பிறந்த சவி சாவர்க்கர். தமிழில் 1990களில் எழுத்து அதைச் செய்தது. ஓவியம் அதே வேகத்தில் வரவில்லை என்பது நம் கணிப்பு. அல்லது வந்தது, சுவரில் இருந்தது, கூடத்துக்குள் போகவில்லை.

அந்தச் சுவர்களுக்குத் திரும்புவோம். 2000க்குப் பிறகு பிளெக்ஸ் வந்தது. ஒரே இரவில் இருபது அடி அண்ணல். எழுதும் கை வேலை இழந்தது. இந்தப் பகுதியில் காலனிச் சுவர்களில் எழுதிவந்த ஒரு தோழர் பின்னாளில் வண்டி எண் பலகை எழுதினார், பிறகு அதற்கும் ஸ்டிக்கர் வந்துவிட்டது. அவர் எழுதிய அண்ணலின் கண் எப்போதும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஏன் என்று ஒருமுறை கேட்டோம். தூரத்தில் களை எடுக்கிறவர்களுக்கும் தெரிய வேண்டாமா என்றார். அளவு என்பதைப் பற்றி ராம்கிங்கர் யோசித்ததும் இதேதான். அந்தச் சுவர் இப்போது இல்லை. அந்தத் தெருவும் இல்லை. ஒரு நிழற்படம்கூட நம்மிடம் கிடையாது.

ஆகவே மாணவ நண்பர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். கடலூர் மாவட்டத்தின் காலனிச் சுவர்களிலும் மன்றக் கட்டடங்களிலும் கையால் எழுதிய அண்ணல் படங்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. வெள்ளையடிப்பதற்கு முன் போய்ப் படம் எடுங்கள். ஊர், தெரு, எழுதிய ஆண்டு, வண்ணம் வாங்கக் காசு கொடுத்தவர்கள், எழுதியவர் உயிரோடு இருந்தால் அவர் பேச்சு, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஏப்ரல் 14க்குள் ஒரு தொகுப்பு வைத்துவிடலாம். எழுதியவர் பெயர் பெரும்பாலும் கீழ் வலது மூலையில் சின்னதாக இருக்கும், மழையில் மண் தெறித்து மறைந்திருக்கும். ஈரத்துணி ஒன்று கொண்டுபோங்கள். துடைத்துவிட்டு எடுங்கள்.